இலவச சேனல்களுக்கு எதற்குப் பூட்டு?

2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்றில் இருந்து மின்சாரம் வருவது தடைபட்டது. அதன் அலைபரப்பிகளில் பாதியை இஸ்ரோ அணைத்துவைக்க வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த சன் டைரக்ட், தன் சேனல்களை மலேசியாவின் மீசாட்-3க்குக் கொண்டுபோனது. இன்சாட்-4பி நின்ற இடம் 93.5 டிகிரி கிழக்கு. மீசாட்-3 நின்றது 91.5. விண்வெளியில் அந்த இரண்டு டிகிரிக்கு நடுவே ஏறக்குறைய 1,470 கிலோமீட்டர் தூரம். நம் மாடியில் அதே இரண்டு டிகிரி என்பது, இரண்டடி அகல டிஷ்ஷின் விளிம்பு ஒரே ஒரு சென்டிமீட்டர் நகர்வது. அந்த ஒரு சென்டிமீட்டருக்காக ஏணியும் ஸ்பேனருமாக ஆட்கள் மாடி மாடியாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. அவர்கள் வந்துசேரும்வரை டிவியில் ‘சிக்னல் இல்லை’ என்ற ஒரு வரிதான்.

டிஷ்ஷைக் காசு கொடுத்து வாங்கியவர் வீட்டுக்காரர். பெட்டிக்கும் அவர்தான் பணம் கட்டினார். மாதாமாதம் ரீசார்ஜ் செய்பவரும் அவரே. ஆனால், அந்த டிஷ் வானத்தில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், அதில் விழும் சேனல்களில் எதைக் காட்ட வேண்டும் என்பதை முடிவெடுப்பது அவர் இல்லை. இந்த நிலைமை மாற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பூட்டில்லாமல் வரும் சேனல்கள் எத்தனை செயற்கைக்கோள்களில் சிதறிக் கிடந்தாலும், ஒரு வீட்டின் ஒரே டிவியில் அத்தனையையும் பார்க்க முடிய வேண்டும். அதற்கான கருவிகள் கால் நூற்றாண்டாகக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் விலையும் ஒரு சாதாரணக் குடும்பம் தாங்கக் கூடியதுதான்.

தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே வளையத்தில் நிற்கின்றன. பூமி சுற்றும் வேகத்திலேயே அவையும் சுற்றுவதால் நம் கண்ணுக்கு அசையாமல் இருக்கின்றன. சென்னையில் ஒரு மாடியில் ஏறி நின்று தெற்கே பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். 83 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-10, ஜிசாட்-30 இரண்டும் கிட்டத்தட்ட தலைக்கு மேலே, அடிவானத்தில் இருந்து 74 டிகிரி உயரத்தில் நிற்கும். வலது கைப்பக்கம், மேற்கே, 66இல் இன்டெல்சாட்-17. தென்னிந்திய சேனல்கள் பலவற்றின் முகவரி அது. அதற்குச் சற்றே இப்பால் 68.5இல் இன்டெல்சாட்-20. இடது பக்கம் 88, 91.5, 93.5, 95, 108.2 என்று, வீட்டு டிஷ்ஷுக்கே நேரடியாக ஒளிபரப்பும் டிடிஎச் நிறுவனங்கள் குடியிருக்கும் இடங்கள். 93.5இல் நிற்கும் ஜிசாட்-15இல்தான் பிரசார் பாரதியின் இலவசச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வருகிறது. இந்த விஷயத்தில் தென்கோடியில் இருக்கும் நமக்கு ஒரு வசதி உண்டு. டெல்லியில் ஜிசாட்-15ஐப் பிடிக்க டிஷ் 52 டிகிரி உயரத்தைப் பார்க்க வேண்டும். சென்னையில் 68 டிகிரி. பக்கத்து வீட்டு மாடியும் தென்னை மரமும் நம்மை அவ்வளவாக மறிப்பதில்லை.

ஒரே டிஷ்ஷில் இரண்டு மூன்று செயற்கைக்கோள்களைப் பிடிப்பது எப்படி என்பதைக் கும்பகோணத்தில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆறடி வலை டிஷ் ஒன்று. அதன் குவியத்தில் சி பேண்ட் எல்என்பி, அதாவது டிஷ் குவிக்கும் அலையை வாங்கி வயரில் அனுப்பும் கருவி. அதற்குப் பக்கத்தில் அலுமினியப் பட்டை ஒன்றைத் திருகி, இரண்டாவது எல்என்பியை மாட்டினார் மெக்கானிக். கண்ணாடியில் இடம் வலம் மாறுவதுபோல டிஷ்ஷிலும் மாறும். கிழக்கே இருக்கும் செயற்கைக்கோளுக்கான எல்என்பி மேற்குப் பக்கம்தான் போக வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் செல்போன் திசைகாட்டி பொய் சொல்லும் என்பதால் அவர் அதைத் தொடவே இல்லை. வெயில் விழும் நிழலை வைத்துத் தெற்கைக் கணித்தார்.

கீழே ஹாலில் நண்பரின் மகள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் மெனுவில் இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று வலிமை, இன்னொன்று தரம். வலிமைக் கோடு எல்என்பிக்கு மின்சாரம் போனாலே நிமிர்ந்துவிடும். அதை நம்பக் கூடாது. தரக்கோடு எழும்பினால்தான் செயற்கைக்கோள் கிடைத்திருக்கிறது என்று பொருள். “எதுவும் இல்லண்ணா… இல்ல… ஆங், நாப்பது… அறுவத்தஞ்சு… போயிருச்சு!” என்று அவள் மாடிப்படி வழியாகக் கத்த, மேலே மெக்கானிக் எல்என்பியின் கழுத்தைக் கடிகார முள்போல மெல்லத் திருப்பினார். எழுபத்திரண்டில் நின்றது. நட்டை இறுக்கினார். இறுக்கும்போது மறுபடி இரண்டு புள்ளி குறைந்தது. தளர்த்தி, அந்த இரண்டு புள்ளிக்கும் இடம் விட்டு, மறுபடி இறுக்கினார். பக்கத்தில் சிறிய டிஷ் ஒன்று ஜிசாட்-15ஐப் பார்த்துத் தனியாக நின்றது. மூன்று எல்என்பிகளின் வயர்களும் உள்ளங்கை அளவு டைசெக் சுவிட்சில் சேர்ந்தன. அதிலிருந்து ஒரே ஒரு வயர் கீழே இறங்கியது.

அந்த ஒற்றை வயர் செய்யும் வேலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. மேலே இருக்கும் எல்என்பிக்கு மின்சாரம் போவது அதன் வழியேதான். 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து அலைகள், 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்ட அலைகள். 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பைச் சேர்த்து அனுப்பினால் அலைக்கற்றையின் மேல்பாதி. அதே துடிப்பை விட்டு விட்டு அனுப்பினால் அது டைசெக் கட்டளை: ‘இரண்டாவது எல்என்பிக்கு மாறு’ என்று சுவிட்சுக்குச் சொல்லும். அதே வயரில் படமும் ஒலியும் கீழே வரும். பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது. ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் ஒரு நொடியில் வேறொரு செயற்கைக்கோள். யூட்டல்சாட் நிறுவனம் 1990களில் உருவாக்கிய இந்த முறை எவர் வேண்டுமானாலும் பயன்படுத்தக் கூடிய பொதுத் தரம். சுவிட்சின் விலை சில நூறு ரூபாய்.

தடங்கலே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு செயற்கைக்கோள்கள் மிக நெருக்கமாக இருந்தால் எல்என்பிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். 66க்கும் 68.5க்கும் ஆறடி டிஷ்ஷின் குவியத்தில் கிடைக்கும் இடைவெளி மூன்று சென்டிமீட்டர்தான். சி பேண்ட் எல்என்பியின் வாய் அதைவிட அகலம். ஐப்பசி மழை கொட்டும்போது கேயு பேண்ட் சிறிய டிஷ்ஷில் படம் கட்டம் கட்டமாக உடையும். பெரிய சி பேண்ட் டிஷ் தாக்குப்பிடிக்கும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வரும் சில நிமிடங்களில் எல்லாமே மங்கும். 3,300 முதல் 3,670 மெகாஹெர்ட்ஸ் வரை 5ஜிக்குக் கொடுத்த பிறகு, 3,700இல் தொடங்கும் சி பேண்டுக்குப் பக்கத்துக் கோபுரத்தின் இரைச்சல் வரத் தொடங்கியிருக்கிறது. அதற்கு வடிகட்டி வைத்த எல்என்பி வாங்க வேண்டும். ஆனால், இவை எல்லாம் ஒரு நல்ல மெக்கானிக் தீர்த்துவைக்கக் கூடிய சிக்கல்கள். அவரால் தீர்க்க முடியாதது பெட்டிக்குள் இருக்கும் பூட்டு.

நம் ஊரில் பல செயற்கைக்கோள்களை ஒரே இடத்தில் பிடித்தவர் முதன்முதலில் கேபிள்காரர்தான். 1991 ஜனவரியில் வளைகுடாப் போரை சிஎன்என் நேரலையாகக் காட்டியது. அதே ஆண்டு ஸ்டார் டிவி ஆசியாசாட்-1இல் வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. ஒவ்வொரு புதிய செயற்கைக்கோளுக்கும் கேபிள்காரரின் மாடியில் ஒரு டிஷ் கூடியது. நம் சார்பில் அவர் வானத்தைப் பார்த்தார். பார்த்ததில் நமக்கு எது வேண்டும் என்பதையும் அவரே தேர்ந்தெடுத்தார். வீடே நேரடியாகப் பிடிக்கும் சிறிய டிஷ் வரவிருந்த நேரத்தில், 1997இல், கேயு பேண்ட் ஒளிபரப்பை வீடுகள் பெறுவதற்கு மத்திய அரசு தடை போட்டது. நாட்டின் பாதுகாப்பும் பண்பாடும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. தடை நீங்கி, டிடிஎச் சேவைக்கான வழிகாட்டு விதிகள் 2001 மார்ச்சில் வந்தன.

அந்த விதிகளில் ஒரு நிபந்தனை இருந்தது. செட்டாப் பாக்ஸ் திறந்த வடிவமைப்பில் இருக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்தின் சேவைக்கும் பொருந்த வேண்டும். இதை எழுதியவர்கள் தொலைநோக்கோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால், இன்று உங்கள் வீட்டில் ஒரு நிறுவனத்தின் பெட்டி இருந்து, அடுத்த மாதம் வேறு நிறுவனத்துக்குப் போக நினைத்தால் என்ன நடக்கிறது? பழைய பெட்டி பரணுக்குப் போகிறது. பழைய டிஷ் மாடியிலேயே துருப்பிடிக்கிறது. புது டிஷ், புதுப் பெட்டி, புது வயர். எந்தத் தெருவிலும் அண்ணாந்து பார்த்தால் எல்என்பி இல்லாமல் வெறும் தட்டாக நிற்கும் டிஷ்கள் எத்தனை என்று தெரியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2020 ஏப்ரலில் அதே நிபந்தனையைப் பரிந்துரையாக மறுபடி அனுப்பியது: பெட்டிகள் எந்த நிறுவனத்துக்கும் பொருந்துபவையாக இருக்க வேண்டும். செல்போனில் சிம்மை மாற்றுவது நமக்கு இயல்பாகிவிட்டது. டிவிப் பெட்டியில் மட்டும் அது இன்னும் கைகூடவில்லை.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை ரீசார்ஜ் முடிந்த நாளில் பார்க்கலாம். கட்டண சேனல் நின்றுபோவது நியாயம். தயாரிப்பாளருக்கும் விளையாட்டு உரிமை வாங்கியவருக்கும் காசு போக வேண்டும்; திருட்டு வழியில் அவற்றைத் திறப்பதை நான் ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன். ஆனால், விலையே இல்லாத செய்தி சேனலும் பக்தி சேனலும்கூடப் பெரும்பாலான பெட்டிகளில் அதே நொடியில் கறுத்துப்போகின்றன. 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ட்ராய் கட்டண முறையில், நூறு சேனல்களுக்கு இணைப்புக் கட்டணமாக அதிகபட்சம் 130 ரூபாய் வாங்கலாம் என்றிருந்தது. ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. நூறும் இலவச சேனல்களாகவே இருந்தாலும் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டும். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையும் ட்ராய் எடுத்துவிட்டது. எவ்வளவு என்பதை நிறுவனங்களே முடிவு செய்துகொள்ளலாம். அதே உத்தரவில் ஒரு நல்ல விதியும் இருக்கிறது: பிரசார் பாரதியின் மேடையில் கட்டணமின்றிக் கிடைக்கும் சேனலை, மற்ற எல்லா மேடைகளிலும் இலவசம் என்றே அறிவிக்க வேண்டும். அறிவிப்பதோடு நிறுத்தாமல், அதைப் பூட்டாமலும் அனுப்ப வேண்டும் என்று அடுத்த அடியை எடுத்து வைத்திருக்கலாம்.

தமிழ் பார்வையாளர்களுக்கு இந்தப் பிரச்சினை இன்னும் ஒரு படி கடுமையானது. டிடி ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பர் 16 அன்று டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கியது. டிஷ்ஷும் பெட்டியுமாகச் சுமார் 2,000 ரூபாய் ஒருமுறை செலவு. பிறகு மாதக் கட்டணமே இல்லை. இன்று நாட்டில் 4 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் அதைப் பார்க்கின்றன. இந்தியப் பொது ஒளிபரப்பின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்றாக இதைக் கருதுகிறேன். ஆனால், அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்தால் தனியார் சேனல்களில் பெரும்பான்மை இந்தி. சன், விஜய், ஜீ தமிழ் ஆகியவை கட்டண சேனல்கள் என்பதால் அங்கே இல்லை. அதைக் குறையாகச் சொல்ல முடியாது. இலவசமாகவே ஒளிபரப்பும் தமிழ்ச் செய்தி சேனல்களும் சிறு சேனல்களும் அங்கே பரவலாக இல்லாததுதான் குறை. காரணம், இடங்கள் ஏலத்தில் விற்கப்படுகின்றன. ஓர் இடத்துக்கு ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் போகும் ஏலத்தில், பல மாநிலங்களில் விளம்பரம் திரட்டும் இந்தி சேனலோடு ஒரு மாநிலத்துச் சேனல் போட்டி போட முடியாது. ஆகவே, தமிழ் சேனல் வேண்டும் என்றால் வேறு செயற்கைக்கோளைப் பார்க்க வேண்டும். பல செயற்கைக்கோள் வரவேற்பு என்பது மற்றவர்களுக்கு ஆர்வலர்களின் பொழுதுபோக்காக இருக்கலாம். தமிழ் வீட்டுக்கு அது தேவை.

தமிழ்நாட்டில் இந்த இடைவெளியைக் கேபிள் நிரப்பியது உண்மை. 2011இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தபோது ஏழை வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால், ஒரே வழியை நம்பியிருப்பதன் ஆபத்தையும் அதே அரசு கேபிள் காட்டியது. 2022 நவம்பரில் மென்பொருள் தொடர்பான தகராறில் லட்சக்கணக்கான பெட்டிகள் ஒரே நாளில் முடங்கின. வானத்தில் சேனல்கள் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன. வீடுகளில் படம் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூலை முதல், கல்வி தொலைக்காட்சியில் பாடம் நடந்தபோது கேபிள் எட்டாத மலைக் கிராமத்துப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதையும் மறந்துவிட முடியாது. பச்சமலையிலும் ஜவ்வாது மலையிலும் வயர் ஏறாத இடத்துக்கும் செயற்கைக்கோள் அலை இறங்குகிறது. அதைப் பிடிக்க ஒரு டிஷ்ஷும் பூட்டில்லாத பெட்டியும் போதும்.

“எல்லோரும் செல்போனிலும் ஓடிடியிலும் பார்க்கும் காலத்தில் டிஷ்ஷைப் பற்றி எதற்குப் பேச்சு?” என்று கேட்பவர்கள் உண்டு. எண்களைப் பார்க்கட்டும். கட்டண டிடிஎச் இணைப்புகள் 2020 முடிவில் 7 கோடியாக இருந்தன. 2025இல் 6 கோடிக்கும் கீழே வந்துவிட்டன. அதே ஆண்டுகளில் இலவச ஃப்ரீ டிஷ் வளர்ந்திருக்கிறது. மக்கள் விட்டு விலகுவது மாதக் கட்டணத்தைத்தான். டிஷ்ஷுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது கேட்கும், பேசாது. நீங்கள் எந்தச் செய்தியைப் பார்த்தீர்கள், எந்த நிமிடத்தில் மாற்றினீர்கள் என்பது 36,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. டேட்டா தீராது. ஒரு தெருவில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பார்த்தாலும் படம் திணறாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு செல்போன் கோபுரங்களும் கேபிள் கம்பங்களும் நாள்கணக்கில் செத்துக் கிடந்தன. புயல் டிஷ்களையும்தான் பிடுங்கிப்போட்டது. ஆனால், விழுந்த டிஷ்ஷை நிமிர்த்தி, ஒரு பேட்டரியோடு இணைத்தால் செய்தி வந்துவிடும். கோபுரத்தை நிமிர்த்த நிறுவனம் வர வேண்டும்.

செயற்கைக்கோள்களும் நிலையாக நிற்பவை அல்ல. 2010இல் அடைக்கலம் கொடுத்த அதே மீசாட்-3, 2021 ஜூனில் கோளாறாகித் தன் இடத்தில் இருந்து நழுவியது. இன்-ஸ்பேஸ் அமைப்பு 2024இல் கொண்டுவந்த அனுமதி விதிகளால், ஆசியாசாட்டில் நெடுங்காலம் குடியிருந்த இந்திய சேனல்கள் வேறு செயற்கைக்கோள்களுக்குப் பெயர்ந்தன. இனியும் பெயரும். பூட்டிய பெட்டி வைத்திருப்பவர் நிறுவனத்தின் ஆளுக்குக் காத்திருக்க வேண்டும். திறந்த பெட்டி வைத்திருப்பவர் பக்கத்து எல்என்பிக்கு மாறி, ஒரு தேடலை ஓட்டினால் சேனல் திரும்பக் கிடைத்துவிடும்.

டிஷ் வைக்கும் உரிமை வேறு நாடுகளில் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. ஸ்டாக்ஹோம் புறநகரில் வாடகை வீட்டில் இருந்த இராக்கிய வம்சாவளிக் குடும்பம் ஒன்று, தங்கள் மொழி நிகழ்ச்சிகளைப் பார்க்க வைத்த டிஷ்ஷை எடுக்க மறுத்ததால் வீட்டைக் காலி செய்ய வேண்டிவந்தது. 2008 டிசம்பர் 16 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது கருத்துரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. கருத்துரிமை என்பதில் தகவலைப் பெறும் உரிமையும் அடங்கும் என்பதே அதன் அடிப்படை. அதற்கு முன்பே, 1994இல், ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் ஒரு துருக்கிய வாடகைதாரரின் டிஷ்ஷுக்காக இதேபோல் பேசியிருக்கிறது. அமெரிக்காவில் ஒரு மீட்டருக்கு மேற்படாத டிஷ்ஷைத் தன் பயன்பாட்டில் உள்ள இடத்தில் வைப்பதற்கு 1996 முதல் விதியே பாதுகாப்பு தருகிறது. ஐரோப்பாவின் வாடகைக் குடியிருப்புகளில் பால்கனி டிஷ் வைத்துத் தமிழ் நிகழ்ச்சிகளைப் பிடித்த ஈழத்தமிழர்களுக்கு இந்த வழக்குகளின் அருமை புரியும்.

இங்கே 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில், அலைக்கற்றை பொதுச் சொத்து என்று தெளிவாகச் சொன்னது. அந்தப் பொதுச் சொத்தில் பூட்டின்றி வருவதைப் பெற, சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு ஒரு கம்பம் நட இடம் கிடைப்பதில்லை. முகப்பு அழகு கெடும் என்று சங்கங்கள் டிஷ்ஷுக்குத் தடை போடுகின்றன. அந்த அக்கறையிலும் நியாயம் உண்டு. மொட்டை மாடியில் பொதுவாக இரண்டு மூன்று டிஷ்களை வைத்து, மல்டி சுவிட்ச் வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வயர் இறக்கினால் முகப்பில் ஒன்றுமே தொங்காது. கட்டும்போதே குழாய் பதித்துவிட்டால் செலவும் சொற்பம். கட்டிட அனுமதி விதிகளில் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்துக்கு இது கடினமான காரியம் இல்லை.

எனக்கு இருக்கும் மிகப் பெரிய நம்பிக்கை டிவிக்குள்ளேயே வரவிருக்கும் ட்யூனர். செயற்கைக்கோள் ட்யூனரை உள்ளடக்கிய டிவிகளுக்கான தரத்தை, ஐஎஸ் 18112 என்ற எண்ணில், இந்திய தர நிர்ணய அமைவனம் 2023 ஜனவரியில் வெளியிட்டது. தனிப்பெட்டி வேண்டாம், எல்என்பி வயரை நேராக டிவியில் செருகினால் இலவச சேனல்கள் வரும். நல்ல யோசனை. இப்போதைக்கு அது கட்டாயம் இல்லாததால், கடைகளில் விற்கும் பெரும்பாலான டிவிகளில் அந்த வசதி இல்லை. அதைக் கட்டாயமாக்க வேண்டும். கட்டாயமாக்கும்போது ஃப்ரீ டிஷ் என்ற ஒரே செயற்கைக்கோளோடு அந்த ட்யூனரை நிறுத்திவிடவும் கூடாது. டைசெக் சுவிட்சின் நான்கு வாய்களையும் அது இயக்க வேண்டும். சி பேண்டுக்கும் கேயு பேண்டுக்கும் வேறுபடும் எல்என்பி அளவுகளை மெனுவில் தேர்ந்தெடுக்க முடிய வேண்டும். அலைவெண் தெரியாதவரும் சேனலைக் கண்டுபிடிக்கும்படி தானியங்கித் தேடல் வேண்டும். மெனு தமிழில் வேண்டும். ஃப்ரீ டிஷ் ஏலத்தில் ஒவ்வொரு மாநில மொழிக்கும் சில இடங்களை அந்த மொழிச் சந்தையின் அளவுக்கு ஏற்ற விலையில் தனியாக ஒதுக்க வேண்டும். பெட்டிகளை ஒன்றுக்கொன்று பொருந்தவைக்கும் 2001ஆம் ஆண்டு நிபந்தனைக்கு, இனியாவது ஒரு கெடு தேதியை அமைச்சகம் குறிக்க வேண்டும்.

அதுவரை, தீபாவளிக்குப் புது டிவி வாங்கப் போகிறவர்கள் கடையில் டிவியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கலாம். சாதாரண ஆன்டெனா துளைக்குப் பக்கத்தில் திருகு மரை போட்ட இன்னொரு துளை இருந்தால், அது எல்என்பி வயருக்கானது. ‘இதில் நான்கு செயற்கைக்கோள் சுவிட்ச் வேலை செய்யுமா?’ என்று விற்பவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால், மெனுவைத் திறந்து டைசெக் என்ற வரி இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம்.